ஜவுளிக் கடையின் இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வேலைக்கு யாரை வைப்பது: சொந்த ஆளா, ஏஜென்சியா?

கேள்வி: காரைக்குடி ஜவுளி

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாக ஜவுளிக் கடை நடத்தி வருகிறது. கண்டாங்கிச் சேலையும் மற்ற செட்டிநாட்டுப் பருத்திச் சேலைகளும்தான் முக்கிய வியாபாரம். குறைந்த விலையில் கேட்பவர்களுக்காக விசைத்தறிச் சேலைகளும் வைத்திருக்கிறோம். ஊரடங்கின்போது கடையைத் திறக்க முடியாமல் இருந்த நாட்களில், என் அக்கா மகன் தன் கைபேசியிலேயே ஓர் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் தொடங்கிச் சேலைகளைப் படம் எடுத்துப் போட ஆரம்பித்தார். அது மெல்ல வளர்ந்து, இப்போது மாதத்துக்கு 80 முதல் 100 சேலைகள் வரை கூரியரில் வெளியூருக்குப் போகின்றன. தீபாவளி, பொங்கல் சமயங்களில் அதைவிட அதிகம்.

இந்தப் பக்கத்தை இதுவரை முழுவதுமாகப் பார்த்துக்கொண்ட அக்கா மகனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. இன்னும் சில வாரங்களில் கிளம்புகிறார். அவருக்குப் பிறகு இந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் எங்கள் வீட்டில் கருத்து ஒத்துவரவில்லை. மதுரையில் உள்ள ஓர் ஏஜென்சி, மாதத்துக்கு 12 பதிவுகளும் 6 ரீல்ஸ்களும் செய்து தருவதாகவும், அதற்கு 25,000 ரூபாய் ஆகும் என்றும், விளம்பரச் செலவு தனி என்றும் சொல்கிறது. அந்தப் பணத்துக்கு இங்கேயே பட்டம் முடித்த ஒரு பிள்ளையை முழுநேரமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் அக்காவின் கருத்து. கடையில் நீண்ட காலமாக விற்பனையில் இருக்கும் ஓர் அம்மாவிடமே கைபேசியைக் கொடுத்துவிடலாம் என்கிறார் என் தந்தை. அந்த அம்மாவுக்குச் சேலையைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. ஆனால் ரீல்ஸ் எடுக்கத் தெரியாது.

எங்களால் மாதத்துக்கு அதிகபட்சம் 30,000 ரூபாய் ஒதுக்க முடியும். இந்த மூன்றில் எது சரியாக இருக்கும்? யாரை வைத்தாலும் அவர் வேலையைச் சரியாகச் செய்கிறார் என்பதை எதை வைத்துக் கணக்கிடுவது? பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையைத் தவிர வேறு அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஈரோடு மொத்த வியாபாரம்

ஐயா, உங்கள் தந்தை சொல்வதுதான் ஏறக்குறையச் சரி என்று எனக்குப் படுகிறது. அதற்கான காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சமூக ஊடக வேலை என்றதும் படம் எடுப்பதும் பதிவு போடுவதும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் சேலை விற்கும் கடைக்கு அது வேலையில் கால்பங்குகூட இல்லை. மீதி அனைத்தும் பதில் சொல்வதுதான். சாயம் போகுமா, கஞ்சி போட வேண்டுமா, எத்தனையாம் நம்பர் நூல், பிளவுஸ் துணி சேர்ந்ததா, வயதான அம்மாவுக்குக் கனமாக இருக்குமா, இதே கரையில் வேறு நிறம் இருக்கிறதா என்று நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இந்தக் கேள்விகளுக்கு ஐந்து நிமிடத்தில் நம்பும்படி பதில் சொன்னால் சேலை விற்கும்; மறுநாள் காலையில் சொன்னால் அவர் வேறு கடையில் வாங்கி முடித்திருப்பார். ஏஜென்சியில் அமர்ந்து பத்துப் பக்கங்களைக் கவனிக்கும் ஒருவருக்கு உங்கள் சேலையின் கனம் எப்படித் தெரியும்? அவர் உங்களிடம் கேட்டு, நீங்கள் கல்லாவில் கூட்டத்துக்கு நடுவே பதில் சொல்லி, அவர் அதை வாடிக்கையாளருக்கு அனுப்பி முடிப்பதற்குள் விற்பனை கைநழுவிவிடும்.

ஆகவே பதில் சொல்லும் பொறுப்பை அந்த அம்மாவிடம் கொடுங்கள். கூடுதல் வேலை என்பதால் சம்பளத்தை உயர்த்திக் கொடுங்கள். அல்லது வெளியூர் ஆர்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகையை நிர்ணயித்துக் கொடுங்கள். இருக்கிற வேலையோடு இதையும் பார்த்துக்கொள்ளச் சொல்வது நியாயமும் ஆகாது, நடக்கவும் நடக்காது. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை ஒரு முதன்மைக் கைபேசியோடு மேலும் நான்கு கருவிகள் வரை இணைத்துப் பயன்படுத்தலாம் என்பதால், அவர் கையில் ஒன்றும் கல்லாவில் ஒரு கணினியும் இருந்தால் போதும். முகவரி அனுப்பும் முறை, பணம் செலுத்தும் முறை, கூரியர் செல்லும் நாள் ஆகியவற்றுக்கான பதில்களை ஒருமுறை தட்டச்சு செய்து விரைவுப் பதில்களாகச் சேமித்துவிட்டால், அவர் தட்டச்சு செய்ய வேண்டியது சேலையைப் பற்றி மட்டும்தான். அதையும் குரல் பதிவாகவே அனுப்பலாம். எங்கள் அனுபவத்தில், எழுத்தைவிடக் குரலை வாடிக்கையாளர்கள் அதிகம் நம்புகிறார்கள்.

அடுத்து, படம். அதை மாதச் சம்பளத்துக்குக் கொடுக்காமல் நாள் கணக்கில் கொடுங்கள். காரைக்குடியில் திருமணப் புகைப்படக்காரர்களுக்குக் குறைவில்லை. முகூர்த்தம் இல்லாத நாட்களில் ஒருவரை அழைத்து, மாதம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு 30 சேலைகள் என்று பேசிக்கொள்ளுங்கள். நிறத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. கண்டாங்கியின் கடுகு மஞ்சள், குழல் விளக்கின் கீழ் எடுத்தால் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும், அரக்கு, கருஞ்சிவப்பாகிவிடும். சேலை திரும்பி வருவதற்கு முதல் காரணம் இதுதான். வெயில் நேரடியாக விழாத முற்றத்திலோ வாசல் திண்ணையிலோ காலை வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். சேலையின் ஓரத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை மடித்து வைத்து எடுத்தால், அந்த வேட்டி படத்தில் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிவதை வைத்தே நிறம் திரிந்திருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். கைபேசியில் தானாக அழகூட்டும் வசதிகள் அனைத்தையும் அணைத்துவிட வேண்டும்.

மூன்றாவது, இருப்பு. கைத்தறியில் ஒரு நிற அமைப்பில் சில சேலைகள்தான் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இன்ஸ்டாகிராமில் ஒருவர் பணம் செலுத்திய அதே சேலையைக் கடையில் இன்னொருவர் கையில் எடுத்துக்கொண்டு போயிருப்பார். படம் எடுத்த சேலை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்து, சீட்டு கட்டி, தனி அலமாரியில் வைத்துவிடுங்கள். அங்கிருந்து எடுப்பவர் யாராக இருந்தாலும், உரிமையாளரே ஆனாலும், நோட்டில் எண்ணை அடித்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். விலையையும் பதிவிலேயே எழுதிவிடுங்கள். விலை கேட்பவரிடம் உள்பெட்டியில் பாருங்கள் என்று சொல்லும் வழக்கம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அதனால் கேள்விகள் இரட்டிப்பாவதைத் தவிர வேறு பயன் எதையும் நான் கண்டதில்லை.

வேலையை அளப்பதற்கு என் கணக்கு எளியது. எத்தனை பேர் விலையோ இருப்போ கேட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள், எத்தனை சேலைகள் திரும்பி வந்தன. இந்த நான்கையும் வாரந்தோறும் ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். பின்தொடர்பவர்களின் எண்ணிக்கையை நம்பாதீர்கள். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதில் இலட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள்கூட ஒரே இரவில் ஒன்றும் இல்லாமல் நின்றார்கள். வாங்கியவர்களின் பெயரும் எண்ணும், அவர்கள் சம்மதத்தோடு, உங்கள் கடை நோட்டில் இருக்க வேண்டும்.

பதில் 2: ஏஜென்சியில் பணிபுரிபவர்

மேலே எழுதியவர் சொன்னதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். நான் பணிபுரிவது ஒரு விளம்பர ஏஜென்சியில் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கருத்தை அதற்கேற்பக் கழித்துக்கொள்ளுங்கள்.

மாதம் 12 பதிவுகள், 6 ரீல்ஸ்கள் என்று எண்ணிக்கையில் விலை சொல்லும் ஒப்பந்தம் உங்களைப் போன்ற கடைக்குப் பயன்படாது. அந்த எண்ணிக்கையை நிரப்புவதற்காக மகளிர் தின வாழ்த்து, காபி தின வாழ்த்து என்று படம் போட்டுக் கணக்கை முடித்துவிடுவார்கள். ஆனால் ஏஜென்சியே வேண்டாம் என்ற முடிவுக்கும் வர வேண்டாம். விளம்பரத்துக்குப் பணம் செலவிடுவது தனித் தொழில். பணம் கட்டிப் பதிவை அதிகம் பேருக்குக் காட்ட அதன் கீழ் உள்ள பூஸ்ட் பொத்தானை அழுத்துவதும், விளம்பரங்களை அமைக்கும் ஆட்ஸ் மேனேஜர் என்ற பக்கத்தில் ஊர், வயது, முன்பு வாங்கியவர்கள் என்று பிரித்து வாட்ஸ்அப்புக்கு நேரடியாக அழைத்துவரும் விளம்பரம் அமைப்பதும் ஒன்றல்ல. ஆடியின் பிற்பகுதியிலிருந்து தீபாவளி வரையிலும், பொங்கலுக்கு முந்தைய ஒரு மாதமும் மட்டும் இந்த வேலையை ஏஜென்சிக்குக் கொடுங்கள். மற்ற மாதங்களில் தேவையில்லை. இப்படிப் பருவத்துக்கு மட்டும் வேலை எடுப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டால் கிடைப்பார்கள்.

அந்த அம்மாவைப் பற்றி ஒரு மறுப்பு. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் கடையிலும் கூட்டம், கைபேசியிலும் கூட்டம். அப்போது எதிரில் நிற்கும் வாடிக்கையாளரை விட்டுவிட்டு அவரால் பதில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. ஆகவே பகுதிநேரமாக ஒரு கல்லூரி மாணவியை இப்போதே சேர்த்து, அந்த அம்மாவின் பக்கத்தில் அமரவைத்துப் பழக்குங்கள். முகவரி வாங்குவது, பணம் வந்ததைச் சரிபார்ப்பது, கூரியர் எண்ணை அனுப்புவது ஆகியவை மாணவிக்கு. சேலையைப் பற்றிய கேள்விகள் அம்மாவுக்கு. வாட்ஸ்அப்பில் லேபிள் வைத்துப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது.

யாரை வைத்தாலும், கணக்குகளின் உரிமை கடையிடம் இருக்க வேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஆகியவற்றை நடத்தும் மெட்டா நிறுவனத்தில், ஒரு கடையின் கணக்குகளை எல்லாம் ஒரே இடத்தில் நிர்வகிக்கப் பிசினஸ் போர்ட்ஃபோலியோ என்று ஒன்று உண்டு. முன்பு அதைப் பிசினஸ் மேனேஜர் என்று அழைத்தார்கள். அதை நீங்களே உங்கள் பெயரில் தொடங்கி, ஃபேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம் கணக்கு, விளம்பரக் கணக்கு ஆகிய மூன்றையும் அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள். முழுக் கட்டுப்பாடு உங்களுக்கும் உங்கள் அக்காவுக்கும் மட்டும். பணியாளருக்குப் பதிவிடவும் செய்திகளுக்குப் பதில் சொல்லவும் தேவையான அளவு அனுமதி. ஏஜென்சிக்குப் பார்ட்னர் என்ற முறையில் தேவையானவற்றுக்கு மட்டும் அனுமதி. இப்படிச் செய்தால் யாருக்கும் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை, ஒருவர் விலகும்போது அவர் பெயரை நீக்கினால் போதும். எனக்குத் தெரிந்த ஒரு கடையில் ஏஜென்சி தன் போர்ட்ஃபோலியோவுக்குள்ளேயே விளம்பரக் கணக்கைத் திறந்து வைத்திருந்தது. ஒப்பந்தம் முறிந்தபோது, எந்த விளம்பரத்துக்கு யார் வாங்கினார்கள் என்ற பல ஆண்டுத் தகவல் முழுவதும் அதனோடு போய்விட்டது. சட்டப்படி அதில் கடைக்காரர் கேட்க எதுவும் இருக்கவில்லை, ஏனென்றால் கணக்கு அவருடையதே அல்ல.

விளம்பரப் பணத்தையும் ஏஜென்சி வழியாகச் செலுத்தாமல் உங்கள் கடை அட்டையிலிருந்து நேரடியாகச் செலுத்துங்கள். விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. விளம்பரக் கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்து வைத்தால் ரசீது கடையின் பெயரில் வரும், அதில் கட்டிய வரியை (உள்ளீட்டு வரி) கடை செலுத்த வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து கழித்துக்கொள்ள உங்கள் கணக்காளருக்கு வழி இருக்கும். செலவான தொகையும் மறைவில்லாமல் உங்கள் கண்ணுக்குத் தெரியும்.

காரைக்குடி ஜவுளி

இருவருக்கும் நன்றி. எண் கொடுத்துத் தனி அலமாரியில் வைக்கும் முறையை நாளையே தொடங்கப்போகிறோம். அக்கா மகனிடம் இன்று பேசியபோது, கணக்கு நிலவரம் நான் நினைத்ததைவிடச் சிக்கலாக இருக்கிறது என்று தெரிந்தது. இன்ஸ்டாகிராம் அவருடைய சொந்த மின்னஞ்சலில் தொடங்கப்பட்டிருக்கிறது. வாட்ஸ்அப் எண்ணின் சிம் அவர் பெயரில் இருக்கிறது. அவ்வப்போது பூஸ்ட் செய்ததெல்லாம் அவருடைய அட்டையில். அவர் மனமுவந்து ஒப்படைக்கத் தயாராக இருக்கிறார். எந்த வரிசையில் மாற்றிக்கொள்வது நல்லது?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். ரீல்ஸில் திரைப்பாடல் சேர்த்தால்தான் பரவுகிறது என்று அக்கா மகன் சொல்கிறார். கடைக் கணக்கில் அது சரியா? சேலை கட்டிப் படம் போடும் பெண் ஒருவர், தமக்கு மூன்று சேலைகள் இலவசமாக அனுப்பினால் எங்கள் கடையைப் பற்றிப் பதிவிடுவதாகச் சொல்கிறார். இதில் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில் 3: ஏஜென்சியில் பணிபுரிபவர்

முதலில் சிம். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கடைக்கு இருவரும் நேரில் சென்று எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற கணக்குகளுக்கான சரிபார்ப்புக் குறியீடுகள் எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால் அதைத்தான் முதலில் முடிக்க வேண்டும். பிறகு கடைக்கென்று ஒரு மின்னஞ்சல் தொடங்கி, இன்ஸ்டாகிராமில் மின்னஞ்சலையும் எண்ணையும் மாற்றுங்கள். அவருடைய சொந்தக் கணக்கும் கடைக் கணக்கும், மெட்டா கணக்குகளை ஒன்றாக இணைக்கும் அக்கவுண்ட்ஸ் சென்டர் என்ற அமைப்பில் சேர்ந்திருக்கலாம். அதைப் பிரிப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதன்பின் கடவுச்சொல்லை மாற்றி, இரண்டு படிச் சரிபார்ப்பைக் கடைக் கைபேசியில் உள்ள செயலிக்கு மாற்றி, அவசரக் குறியீடுகளைத் தாளில் அச்சிட்டுக் கல்லாப்பெட்டியில் வைத்துவிடுங்கள். கடைசியாக, அவருடைய அட்டையை நீக்குங்கள். இவை அனைத்தையும் அவர் ஊரில் இருக்கும்போதே, உங்கள் எதிரில் அமர்ந்து செய்ய வேண்டும். பெங்களூரிலிருந்து தொலைபேசியில் குறியீடு சொல்லிக்கொண்டிருப்பது சரிப்படாது.

புதிதாக வருபவர்களிடம் ஒன்றைச் சொல்லி வையுங்கள். உங்கள் பக்கம் பதிப்புரிமையை மீறியிருக்கிறது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும், இந்த இணைப்பை அழுத்தவும் என்று மெட்டாவின் பெயரில் செய்தி வரும். அது மோசடி. பயந்து அழுத்திக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தை இழந்த கடைகள் பல.

பதில் 4: வணிகச் சட்டம் பார்ப்பவர்

பாடலைப் பற்றியும் இலவசச் சேலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவற்றோடு, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்ஸ்டாகிராமில் வணிகக் கணக்குக்குத் திரைப்பாடல்கள் பெரும்பாலும் கிடைக்காமல் இருப்பது தற்செயலானது அன்று. பாடல் நிறுவனங்களோடு மெட்டா செய்துகொண்ட உரிமம், தனிநபர் பயன்பாட்டுக்கானது. பாடல் வேண்டும் என்பதற்காகக் கணக்கைக் கிரியேட்டர் (படைப்பாளர்) வகைக்கு மாற்றிக்கொள்ளும் தந்திரத்தை இளைஞர்கள் பலர் சொல்லித் தருகிறார்கள். கணக்கின் வகையை மாற்றினாலும் விற்பது சேலைதான் என்பதால் பயன்பாடு வணிகப் பயன்பாடாகவே இருக்கும். அமெரிக்காவில் 2024-இல் சோனி மியூசிக் நிறுவனம், அனுமதியின்றிப் பாடல்களைச் சமூக ஊடக விளம்பரங்களில் பயன்படுத்தியதாக மாரியட் விடுதி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. உங்கள் கடைக்கு அப்படி வழக்கு வரும் என்று நான் அச்சுறுத்தவில்லை. ஆனால் நன்றாகப் பரவிக்கொண்டிருக்கும் ரீல்ஸின் ஒலி தீபாவளி வாரத்தில் முடக்கப்பட்டால் இழப்பு உங்களுக்குத்தான். வணிகப் பயன்பாட்டுக்காக மெட்டா தரும் ஒலித் தொகுப்பிலிருந்து எடுங்கள். அல்லது தறி ஓடும் ஓசையையே வையுங்கள். கண்டாங்கிக்கு அதைவிடப் பொருத்தமான இசை எனக்குத் தெரியவில்லை.

இலவசச் சேலை பெற்றுக்கொண்டு பதிவிடுபவர், அது இலவசமாகப் பெற்றது என்பதையோ விளம்பரம் என்பதையோ பதிவிலேயே தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இலும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டிருக்கின்றன. ஒருவருக்கு ஓராண்டில் கொடுக்கும் பரிசுகளின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால், கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடித்துச் செலுத்த வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் வந்தது. தனிநபர் நடத்தும் தொழிலாக இருந்து, முந்தைய ஆண்டு விற்றுமுதல் 1 கோடி ரூபாயைத் தாண்டாவிட்டால் அது உங்களுக்குப் பொருந்தாது. மூன்று சேலைக்கு இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று தோன்றலாம். முதல் ஒன்றை மட்டும் யோசித்தால் போதும், மற்றதைக் கணக்காளர் பார்த்துக்கொள்வார்.

நீங்கள் கேட்காதது இது. உங்கள் கடையில் கைத்தறிக் கண்டாங்கியும் விசைத்தறிச் சேலையும் இரண்டும் இருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். கண்டாங்கிச் சேலை என்பது புவிசார் குறியீட்டுச் சட்டப்படி பதிவான பெயர். கடையில் நேரில் விற்கும்போது எது கைத்தறி, எது விசைத்தறி என்று உங்கள் விற்பனையாளர் வாயாலேயே சொல்லிவிடுவார். ஆனால் மதுரையில் அமர்ந்து படத்துக்கு வாசகம் எழுதும் ஒருவர், கட்டம் போட்ட எல்லாச் சேலைக்கும் கைத்தறிக் கண்டாங்கி என்று எழுதிவிடுவார். அவருக்கு வேறுபாடு தெரியாது, அந்தச் சொல்லுக்கு விருப்பக்குறி அதிகம் விழுகிறது என்பது மட்டும் தெரியும். தவறான விளம்பரம் என்று யாராவது முறையிட்டால், பொறுப்பு கடைக்குத்தான் வரும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், அத்தகைய விளம்பரத்தை நிறுத்தச் சொல்லவும், உற்பத்தியாளர் மீதும் பரிந்துரைப்பவர் மீதும் 10 இலட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் தந்திருக்கிறது. ஆகவே சேலை எண் எழுதிய சீட்டிலேயே கைத்தறி, விசைத்தறி என்பதையும் குறித்துவிடுங்கள். யார் எழுதினாலும், கடையிலிருந்து ஒருவர் படித்து ஒப்புக்கொண்ட பிறகே பதிவு வெளியாக வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் சேருங்கள்.

ஒப்பந்தம் என்றதும் இன்னொன்று. உங்கள் சம்பளப் பணியாளர் வேலையின் பகுதியாக உருவாக்குபவற்றுக்கு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், பதிப்புரிமைச் சட்டப்படி முதல் உரிமையாளர் நீங்கள்தான். வெளியாளாக வேலை செய்பவர் எழுதும் வாசகத்துக்கும் வரையும் வடிவமைப்புக்கும் அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. எனவே உரிமை கடைக்கு மாற்றப்படுகிறது என்றும், திருத்தம் செய்யாத மூலப் படங்களும் காணொளிகளும் மாதந்தோறும் கடையின் வன்தட்டில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு வழக்கறிஞர்கூடத் தேவையில்லை.

பதில் 5: திண்டுக்கல் வாசகி

எங்கள் கடையில் ஆள் எடுக்கும்போது, எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்றெல்லாம் கேட்பதில்லை. வாடிக்கையாளர்கள் உண்மையில் அனுப்பிய செய்திகள் ஐந்தை, பெயரையும் எண்ணையும் மறைத்து அச்சிட்டுக் கொடுத்துப் பதில் எழுதச் சொல்கிறோம். அவற்றில் ஒன்று, சேலை கிழிந்து வந்திருக்கிறது என்று கோபமாகத் திட்டி எழுதியதாக இருக்கும். அதற்கு எழுதும் பதிலைப் படித்தாலே ஆளைப் பற்றித் தெரிந்துவிடும்.

காரைக்குடி ஜவுளி

அனைவருக்கும் மிக்க நன்றி. இப்போதைக்கு எடுத்திருக்கும் முடிவு இது: விற்பனை அம்மாவுக்கு மாதம் 5,000 ரூபாய் கூடுதலாகவும், பகுதிநேர மாணவி ஒருவருக்கு 8,000 ரூபாயும், புகைப்படத்துக்கு இரண்டு நாளுக்கு 6,000 ரூபாயும் ஒதுக்குகிறோம். மீதியைச் சேர்த்து வைத்துப் பருவத்தில் விளம்பரத்துக்குச் செலவிடுவோம். ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. செய்திகள் அதிகம் வருவது இரவு 9 மணிக்கு மேல்தான். அந்த நேரத்துக்கு யாரைப் பொறுப்பாக்குவது?

ஈரோடு மொத்த வியாபாரம்

யாரையும் பொறுப்பாக்காதீர்கள். தமிழ்நாட்டுக் கடைகள் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்பதுதான் வேலை. கைபேசியில் பார்ப்பதும் வேலைதான் என்பதைப் பல முதலாளிகள் மறந்துவிட்டு, வீட்டுக்குப் போன பெண்ணை இரவு 11 மணிக்குப் பதில் எழுத வைக்கிறார்கள். அப்படி வைத்தவர்களிடம் ஆள் நிற்பதில்லை. வாட்ஸ்அப் பிசினஸில் வேலை நேரத்தைப் பதிந்துவிட்டு, நேரம் கடந்து வரும் செய்திக்குத் தானாகப் போகும் பதிலை அமைத்துவிடுங்கள்: கடை இரவு 8.30-க்கு மூடப்படும், உங்கள் செய்திக்கு நாளை காலை 10 மணிக்குள் பதில் வரும், சேலை எண்ணைக் குறிப்பிட்டால் அதுவரை உங்களுக்காக எடுத்து வைக்கப்படும் என்று. கடைசி வாசகம்தான் முக்கியம். எடுத்து வைப்பதாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலானோர் காத்திருப்பார்கள். காலையில் முதல் வேலையாக அந்த எண்களை அலமாரியிலிருந்து எடுத்து ஓரமாக வைப்பது மாணவியின் பொறுப்பாக இருக்கட்டும்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு மட்டும் இது போதாது. அப்போது நீங்களோ உங்கள் அக்காவோ இரவு 10 மணி வரை உட்காருங்கள். அல்லது மாணவியைக் காலைக்குப் பதிலாக மாலை 5 மணிக்கு வரச் சொல்லி, திரும்பிப் போக ஆட்டோவுக்குப் பணம் கொடுத்து அனுப்புங்கள். ஆள் சேர்ப்பதை ஆடி பிறப்பதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. கூட்டம் தொடங்கிய பிறகு வேலை கற்றுக்கொடுக்க அந்த அம்மாவுக்கு நேரம் இருக்காது.